ஊறுகாய் ஜாடியும் நாலு செயற்கைக்கோளும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் டாக்டர் பட்ட ஆராய்ச்சி தப்பு என்று உலகத்திலேயே முதன்முதலில் சொன்னவள் நான்தான். அதுவும் எங்கே? வேலைக்கான நேர்முகத் தேர்வில். யாரும் கேட்கவில்லை, யாரும் என்மேல் குற்றம் சாட்டவில்லை. கேமராவைப் பார்த்து, நிறுத்தி நிதானமாக, "மன்னிக்க வேண்டும், நாலு வருஷமாக நான் செய்தது எல்லாமே தலைகீழ்" என்று நானாகவே அறிவித்தேன். (ஆராய்ச்சி சரியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.)

அன்றைக்கு ஒரே மத்தியானத்தில் எனக்கு விழுந்த அதிர்ச்சிகளை வரிசைப்படுத்த முடியாது. ஒன்றிலிருந்து மீண்டு மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்து நின்றது. ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது பூமியின் காந்த வாலைப் பற்றி. (பூமிக்கு வாலா என்று என்னைக் கேட்காதவர்கள் எங்கள் சர்ச்சில், அதாவது பங்குக் கோயிலில், யாரும் பாக்கி இல்லை.) சூரியனிலிருந்து ஓயாமல் ஒரு காற்று வீசுகிறது. மின்னேற்றம் கொண்ட துகள்களால் ஆன காற்று. அதுதான் பிளாஸ்மா. அது பூமியைச் சுற்றியிருக்கும் காந்தப் புலத்தைப் பிடித்து, இரவுப் பக்கமாக வெகு தூரத்துக்கு நீட்டிவிடுகிறது. அதுதான் வால். அந்த வாலுக்குள் காந்தக் கோடுகள் சில சமயம் இழுபட்டு இழுபட்டு, கவண் ரப்பர் மாதிரி விட்டு அடிக்கும். அப்போது உள்ளே இருக்கிற பிளாஸ்மா, வினாடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பூமியைப் பார்த்துப் பாயும். சில நிமிஷம்தான். பூமியை நெருங்க நெருங்கக் காந்தப் புலம் வலுவாகிவிடுவதால், பிரேக் அடித்த மாதிரி வேகம் குறையும். எந்த இடத்தில், எப்படி பிரேக் அடிக்கிறது என்பதற்குத்தான் என் நாலு வருஷம் போனது.

இதற்கு ஒரு செயற்கைக்கோள் போதாது. வேப்பூர் நெடுஞ்சாலையில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருத்தர் நின்றால், ஹாரன் சத்தம் கேட்டது என்றுதான் சொல்ல முடியும். பஸ் சென்னைக்குப் போகிறதா, திருச்சிக்குப் போகிறதா என்று தெரியாது. நாலு பேரை ஆளுக்கொரு கடிகாரத்தோடு சாலை நெடுக நிறுத்துங்கள். முதலில் யாருக்குக் கேட்டது, கடைசியில் யாருக்குக் கேட்டது என்று பார்த்தால் திசை தெரிந்துவிடும், வேகம் தெரிந்துவிடும், டிரைவர் எங்கே பிரேக் போட்டார் என்பதுகூடத் தெரிந்துவிடும். காந்த வாலில் அப்படி வரிசையாக நின்ற நாலு செயற்கைக்கோள்களின் தகவலைத்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்றாம் எண் தொலைவில், வாலின் கோடியில். நாலாம் எண் பூமிக்குப் பக்கத்தில். தயவுசெய்து இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத்தான் தேவையான நேரத்தில் உதவாமல் போனது.

பட்டம் வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் வேலை கிடைக்கவில்லை. விருத்தாசலத்தில் அப்பா அம்மாவோடு வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒரு அத்தை பிடித்துக்கொள்வார். "என்னா ஜெனி, இன்னும் படிச்சிக்கிட்டுதான் இருக்கியாமா?" படித்து முடித்துவிட்டேன் அத்தை என்றால் அதைவிட மோசமான கேள்வி வரும். அந்த நிலைமையில்தான் ஒரு வெளிநாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. வீடியோவில் நேர்முகத் தேர்வு. இருபது நிமிஷம் பேச வேண்டும். பிடித்திருந்தால் மூன்று வருஷ வேலை. என் துறையில் அதைவிடப் பெரிய இடம் கிடையாது. எனக்கு இருந்த ஒரே அழைப்பும் அதுதான்.

அப்பாவிடம் சொன்னதுதான் தாமதம், பங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு பூசையில், "நம் பங்கைச் சேர்ந்த ஜெனிஃபரின் காந்த வேலைக்காக" என்று ஒரு மன்றாட்டே வாசித்தார்கள். இனி தோற்றால் கடவுளையும் சேர்த்து ஏமாற்றிய மாதிரி ஆகிவிடும் என்ற பயம் எனக்கு அன்றே பிடித்துக்கொண்டது.

அப்பாவுக்கு செராமிக் பேட்டையில் ஒரு சின்ன யூனிட். பியூஸ் கட்டை செய்வார்கள். அதோடு செட்டு பொம்மையும் உண்டு. வாத்துக் குடும்பம், யானைக் குடும்பம் என்று நாலு நாலாக, ஒவ்வொன்றின் அடியிலும் நீலத்தில் எண் போட்டு, வைக்கோல் வைத்துப் பெட்டியில் கட்டி அனுப்புவார்கள். நான் அந்த யூனிட்டில் தவழ்ந்து வளர்ந்தவள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்யப்போகும் காரியத்துக்கு எந்தச் சாக்கும் கிடையாது என்பதற்காகத்தான்.

நேர்முகத் தேர்வில் எல்லாரும் படம்தான் போட்டுக் காட்டுவார்கள், நாம் கண்ணெதிரே ஒரு மாதிரி அமைப்பை வைத்து அசத்த வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம். (அசத்தினேன். அதில் குறையே இல்லை.) அப்பாவிடம் நாலு சின்ன செயற்கைக்கோள் வேண்டும் என்றேன்.

"கடையில எதுக்குத் தேடற? நம்ம சூளையிலயே சுட்டுடலாம். எத்தினி வேணும்?"

"நாலுப்பா. கம்பியில செருகற மாதிரி அடியில ஓட்டை வேணும்."

"நாலுதானே? பியூஸ் கட்டை போடறப்ப கூடவே வச்சி வுட்டுடலாம். நீ அச்சில எடுத்து வச்சிட்டுப் போ."

நானே என் கையால் செய்தேன். அதில் ஒரு முன்னெச்சரிக்கை வேறு. ஒன்று இன்னொன்றின் இடத்துக்கு மாறிவிடக் கூடாது அல்லவா? அதனால் நாலுக்கும் நாலு அளவில் ஓட்டை போட்டேன். ஒன்றாம் எண்ணுக்குத் தடிமனான இரும்புக் கம்பி, பெரிய ஓட்டை. அப்படியே குறைந்துகொண்டே வந்து, நாலாம் எண்ணுக்கு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, சின்னஞ்சிறு ஓட்டை. மாற்றிச் செருகினால் ஒன்று நுழையாது, இல்லையென்றால் தொளதொளவென்று சரியும். தப்பே நடக்க முடியாத ஏற்பாடு என்று எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். கடைசியாக, பச்சை மண்ணின் மேல் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று நீல பால்பாயின்ட் பேனாவால் எழுதினேன். அழுத்தி, நன்றாகத் தெரியும்படி எழுதினேன்.

பூமிக்கு அம்மாவின் ஊறுகாய் ஜாடி. மேல்பாதி பழுப்பு, கீழ்ப்பாதி வெள்ளை. படுக்கப் போட்டால் வெள்ளை பகல், பழுப்பு இரவு. கச்சிதம். "எலுமிச்சங்கா போட்டு நாலு நாளுதான் ஆவுது, அதுக்குள்ள ஜாடி கேக்கறா பாரு" என்று புலம்பிக்கொண்டே அம்மா ஊறுகாயைப் பாத்திரத்துக்கு மாற்றிக் கொடுத்தார். அம்மாவின் பழைய வெள்ளை வாயில் புடவையைப் பின்னால் நீளமாக விரித்துக் காந்த வால் ஆக்கினேன்.

தேர்வு மத்தியானம் இரண்டரை மணிக்கு. வீட்டில் கரண்டை நம்ப முடியாது. யூனிட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று அப்பாவின் ஆபீஸ் ரூமிலேயே ஏற்பாடு. மண் அரைக்கிற மில் ஓடினால் மேஜையே அதிரும். அப்பா அதை நிறுத்திவிட்டார். நான் வளர்ந்த இத்தனை வருஷத்தில், வேலை நாளில் அந்த மில் நின்று நான் பார்த்ததில்லை. யூனிட்டில் வேலை செய்யும் எட்டுப் பேரும் வேலையைப் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பூசையில் நிற்கிற மாதிரி நின்றார்கள்.

செயற்கைக்கோள்கள் அன்று காலைதான், பளபளப்புக்கான கிளேஸ் பூசி, இரண்டாவது சூடு முடிந்து சூளையிலிருந்து வந்திருந்தன. பளபளவென்று வெள்ளை. அதில் நீல எண்கள் ஜொலித்தன. என் கிறுக்கல் கிளேஸ் ஏறியதும் எவ்வளவு அழகாகிவிட்டது என்று அந்தப் பதற்றத்திலும் சந்தோஷப்பட்டேன். (அங்கேயே யோசித்திருக்க வேண்டும். என் கையெழுத்து எந்தக் காலத்தில் அழகாக இருந்தது?) தடிமனான கம்பி புடவையின் கோடியிலும், ஸ்போக்ஸ் கம்பி ஜாடிக்குப் பக்கத்திலுமாக நாலையும் வரிசையாக நிறுத்தியிருந்தேன். ஒவ்வொன்றையும் அதனதன் கம்பியில் செருகினேன். பிசகாமல் நுழைந்தன. எண் சரியா என்று பார்க்கவில்லை. எண்ணை எழுதியவளே நான், அதில் பார்க்க என்ன இருக்கிறது?

திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் வெள்ளை முடி வைத்த ஒரு அம்மையார், அவர்தான் தலைவர். இந்தப் பக்கம் ஒரு தாடிக்காரர். அந்தப் பக்கம் எதுவும் பேசாமல் குறிப்பெடுக்கும் ஒருவர். முதல் பத்து நிமிஷம் நான் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது. தாடிக்காரர் இரண்டு முறை தலையாட்டினார். அம்மையார் சிரித்தார். வேலை கையில் விழுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

முக்கியமான வரைபடத்தைப் போட்டேன். நாலு கோடுகள். பிளாஸ்மாவின் பாய்ச்சலை முதலில் பார்த்தது ஒன்றாம் செயற்கைக்கோள். பிறகு இரண்டு, மூன்று, கடைசியில் நாலு. வேகமும் அதே வரிசையில் குறைகிறது. "ஆகவே, பாய்ச்சல் பூமியை நோக்கி வருகிறது. நெருங்க நெருங்க பிரேக் அடிக்கிறது. இப்போது கண்ணாலேயே பாருங்கள்" என்று கேமராவைத் திருப்பினேன்.

ஜாடி தெரிந்தது. புடவை தெரிந்தது. தாடிக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். என் ஆள்காட்டி விரல்தான் பிளாஸ்மா.

"ஒன்று" என்று சொல்லி, ஒன்று என்று எழுதியிருந்ததைத் தொட்டேன். விரல் ஜாடியின் கழுத்தை ஒட்டிப் போய் நின்றது. "இரண்டு. மூன்று. நாலு." விரல் ஜாடியை விட்டு நகர்ந்து நகர்ந்து, மேஜையின் மறு கோடிக்குப் போய்விட்டது.

"ஒரு நிமிஷம்" என்றார் அம்மையார். "உங்கள் விரல் பூமியை விட்டு விலகிப் போகிறதே?"

குனிந்து பார்த்தேன். ஒன்று ஜாடிக்குப் பக்கத்தில். நாலு புடவையின் கோடியில். காதுக்குள் நிறுத்தி வைத்த மில்லே ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல்.

இந்த இடத்தில் கொஞ்சமாவது புத்தி இருக்கிற யாரும் ஜாடியைத்தான் சந்தேகப்படுவார்கள். "அடடா, மாற்றிச் செருகிவிட்டேன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு மேலே போயிருப்பார்கள். என்னால் அது முடியவில்லை. மாற்றிச் செருக முடியாதபடி ஓட்டை போட்டவளே நான். கம்பி சரி, ஓட்டை சரி, எண் என் கையால் எழுதியது. ஆக, ஜாடிப் பக்கம் தப்பே இருக்க முடியாது. மிச்சம் இருப்பது என்ன? என் ஆராய்ச்சி.

அப்போதுதான் பழைய ஞாபகம் ஒன்று பாய்ந்து வந்தது. எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருந்தது என்ற பட்டியலை மூன்றாம் வருஷம் டைபாய்டு காய்ச்சலில் படுத்துக்கொண்டேதான் தட்டச்சு செய்தேன். போச்சு! அன்றைக்கே தலைகீழாகப் போட்டுத் தொலைத்திருக்கிறேன்!

"மன்னிக்க வேண்டும்" என்றேன். "நான் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன். இடங்களின் பட்டியல் மாறியிருக்கிறது. நாலு வருஷமாக நான் செய்தது எல்லாமே தலைகீழ்."

தாடிக்காரர் நல்ல மனுஷர். காப்பாற்றப் பார்த்தார். "பொறுங்கள். உங்கள் வரைபடத்தில் வேகத்துக்குக் கூட்டல் குறி இருக்கிறது. கூட்டல் என்றால் பூமியை நோக்கி. இடத்தை விடுங்கள், செயற்கைக்கோளில் இருக்கும் கருவியே நேராக அளந்து சொல்கிறதே?"

"அதுவும் தப்பாகத்தான் இருக்கும்" என்றேன்.

"கருவியா?"

"இல்லை, நான். குறியையும் மாற்றிப் போட்டிருப்பேன்."

"எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார் அம்மையார். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, திகில்.

நான் ஜாடியைக் காட்டினேன்.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. மூன்று பேருடைய வாயும் திறந்திருந்தது. "அவசரப்படாதீர்கள், தண்ணீர் குடியுங்கள்" என்று அம்மையார் என்னென்னவோ சொன்னார். அது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. "என் கட்டுரையை இன்றைக்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உங்கள் நேரத்தை வீணாக்கிவிட்டேன். வணக்கம்" என்று சொல்லி நானே இணைப்பைத் துண்டித்தேன். இன்னும் எட்டு நிமிஷம் பாக்கி இருந்தது. வேலை தருகிறவர்களை எட்டு நிமிஷம் முன்னதாகவே வெளியே அனுப்பிய பெருமை எனக்கு மட்டும்தான் இருக்கும்.

அதோடு நின்றேனா? என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல். "சார், ஜாடி மூலம் பார்த்ததில் நம் முடிவு தலைகீழ் என்று தெரிந்துவிட்டது. பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க என்ன செய்ய வேண்டும்?" அனுப்பிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

வெளியே அப்பா கையில் ஜாங்கிரிப் பெட்டியோடு நின்றார். எட்டுப் பேரும் கை தட்டினார்கள். ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பேச்சு புரியவில்லை, முகம் தெரிந்திருக்கிறது.

"மூணு பேரும் வாயப் பொளந்துட்டாங்களேடி!" என்றார் அப்பா. கண்ணில் தண்ணீர். "அந்த அம்மா இப்புடி நெஞ்சுல கைய வச்சிக்கிட்டாங்க! எப்ப வரச் சொன்னாங்க?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதையும் ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டு ஒரு ஜாங்கிரியை வாயில் திணித்துவிட்டார்.

அப்போது பின்னாலிருந்து செல்வி அக்கா வந்தார். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருகிறவர். பொம்மைகளுக்குக் கண் எழுதுவதும், அடியில் எண் போடுவதும் அவர்தான். நான் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பிருந்தே எங்கள் யூனிட்டில் இருக்கிறார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, கூச்சத்தோடு கேட்டார்.

"பாப்பா, என் நம்பரு அவங்களுக்கு நல்லா தெரிஞ்சிதா?"

வாயில் ஜாங்கிரி அப்படியே நின்றது.

"உங்க நம்பரா?"

"ஆமா. மொத சூட்டுலயே நீ எழுதனது போயிருச்சில்ல? பேனாவுல எழுதனா சூளையில நிக்குமா? நாலும் வெள்ளையா வந்து நிக்குது. படிச்ச புள்ள, அவசரத்துல மறந்துருக்கும், இத போயி சொல்லிக்கிட்டு இருக்கணுமான்னு நானே கலர்ல போட்டு, கிளேஸ்ல முக்கி, ரெண்டாஞ் சூட்டுக்கு வச்சேன்."

"எது ஒண்ணு, எது நாலுன்னு எப்புடிக்கா தெரியும்?"

"இது என்னா கேள்வி?" அக்காவுக்கு ஆச்சரியம். "ஓட்ட சின்னதும் பெருசுமா இருந்துது. செட்டுன்னா சின்னதுலேருந்துதானே நம்பரு? குஞ்சு வாத்து ஒண்ணு, பெரிய வாத்து நாலு. உனக்குத் தெரியாததா?"

தெரியாதது இல்லை. எனக்கு எண்ணவே அந்த வாத்துகளை வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். எண்ணைக் கன்னாபின்னாவென்று மாற்றியிருந்தால்கூட, வரிசை குழம்பி, ஜாடிதான் தப்பு என்று உடனே தெரிந்திருக்கும். செல்வி அக்கா ஒழுங்கான மனுஷி. ஒழுங்காக, ஒரு பிசிறில்லாமல், தலைகீழாகப் போட்டிருந்தார்.

அப்படியே மண் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஆராய்ச்சி சரி. பட்டியல் சரி. கூட்டல் குறி சரி. நான் ஒருத்திதான் தப்பு. காந்த வாலில் இருக்கிற பிளாஸ்மா கோடிக்கணக்கான டிகிரி சூடு. அதைப் பற்றி நாலு வருஷம் கணக்குப் போட்டவளுக்கு, அப்பாவின் சூளைச் சூட்டில் பேனா மை எரிந்துபோகும் என்று தோன்றவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் மில் இன்னொரு முறை நின்ற மாதிரி இருந்தது. அப்பா ஜாங்கிரிப் பெட்டியை மூடினார்.

"பச்ச மண்ணுல பேனாவுலயாடி எழுதன?" என்றார். "சூளைக்காரன் பொண்ணாடி நீ?"

அன்றைக்கு விழுந்த அத்தனை அடியிலும் இதுதான் பலமாக வலித்தது. வேலை போனதைக்கூட அவர் கேட்கவில்லை.

செல்வி அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். "அந்த அம்மாவ மறுபடியும் கூப்புடு பாப்பா. தப்பு எம்மேலதான்னு நான் சொல்றேன். நீ இங்கிலீஷுல சொல்லு, நான் பக்கத்துல நிக்கறேன்." எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என்னை நாலு பேர் எதிரில் கூச்சப்படுத்தக் கூடாது என்று செய்த மனுஷி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பு என்மேல்தான் அக்கா, என் ஒருத்தி மேல்தான் என்று நானும் அழுதேன்.

அந்த நேரம் பார்த்து என் பேராசிரியர் சார் போன் செய்தார்.

"ஜெனிஃபர், ஜாடின்னு எழுதியிருக்கியே, அது ஏதாவது புது சாப்ட்வேரா?"

"இல்ல சார். ஊறுகா ஜாடி."

"என்ன ஊறுகா?" என்றார். அதிர்ச்சியில் மனுஷருக்கு வேறு கேள்வி வரவில்லை போலிருக்கிறது.

"எலுமிச்சங்கா சார்" என்றேன். நானும் அதிர்ச்சியில்தான் இருந்தேன்.

முழுக் கதையையும் சொல்லி முடித்தேன். சார் திட்டுவார் என்று காத்திருந்தேன். "நாலு வருஷக் கணக்க விட ஜாடி மேல நம்பிக்கை வச்ச பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த அம்மையாருக்கு உடனே எழுதச் சொன்னார். எழுதினேன். பேனா மை, முதல் சூடு, இரண்டாவது சூடு, குஞ்சு வாத்து, பெரிய வாத்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதினேன். (நேர்முகத் தேர்வுக்குப் பின் வாத்துக் குடும்பத்தின் படம் இணைத்து அனுப்பியவள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தெரியவில்லை.)

நாலு நாள் பதில் இல்லை. அப்பா என்னோடு பேசவில்லை. அம்மா மட்டும் ஜாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்து, "இதுக்கு ஊறுகாயாச்சும் ஒழுங்கா இருந்துருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. அந்த வேலை இன்னொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. நான் எதிர்பார்த்ததுதான். கீழே இன்னும் நாலு வரி இருந்தது. உங்கள் கடிதத்தை எங்கள் கூட்டத்தில் உரக்கப் படித்தோம். ஒரு உதவி கேட்கலாமா? அந்த நாலு செயற்கைக்கோளையும் எங்களுக்கு அனுப்ப முடியுமா? எண்களைத் திருத்த வேண்டாம், இருக்கிறபடியே வேண்டும். புதிதாகச் சேரும் மாணவர்கள் முதல் நாள் அதைத்தான் பார்க்க வேண்டும். தகவலைத் தொடுவதற்கு முன் எந்த எண் எங்கே இருக்கிறது என்று சரிபார்க்க அதைவிட நல்ல பாடம் எங்களிடம் இல்லை. முடிந்தால் பூமியையும் சேர்த்து.

இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அப்பா எழுந்து போய், நல்ல வைக்கோலாகப் பார்த்து எடுத்து வந்தார். செல்வி அக்கா ஒவ்வொன்றையும் துடைத்து, எண் மேலே தெரியும்படி பெட்டியில் வைத்தார். "ஜாடியுமா?" என்று அம்மா கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பார்சல் படிவத்தில் உள்ளே என்ன பொருள் என்று ஒரு கட்டம் இருந்தது. செயற்கைக்கோள் நாலு, பூமி ஒன்று என்று எழுதப் போனேன். அப்பா படிவத்தைப் பிடுங்கி, 'பீங்கான் சாமான்' என்று எழுதினார். நான் போவதாக இருந்தால் கேட்டிருக்கும் விசாவை அந்தப் பெட்டிக்கு யாரும் கேட்கக்கூட இல்லை.

இப்போது நான் இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். காந்த வாலையும் விடவில்லை. அந்த ஆய்வுக்கூடத்தோடு மாதம் ஒரு முறை வீடியோவில் பேசுவது உண்டு. அம்மையாருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் ஜாடி படுத்திருக்கும். பக்கத்தில் நாலும் வரிசையாக நிற்கும், ஒன்று ஜாடியை ஒட்டி, நாலு கோடியில். ஒரு தடவை செல்வி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரைக்குக் கிட்டே போய் உற்றுப் பார்த்துவிட்டு, "மூணுல கொஞ்சம் கலரு வழிஞ்சிருக்குது பாப்பா, வெளிநாட்டுக்குப் போறதுன்னு சொல்லியிருந்தா இன்னும் நல்லா போட்டுருப்பேன்" என்று வருத்தப்பட்டார். ஒவ்வொரு மாங்காய் சீசனிலும் அம்மா புது ஜாடியைத் திட்டிக்கொண்டே ஊறுகாய் போடுகிறார். பழைய பூமி மாதிரி இது வராது என்பது அவர் கட்சி.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் இப்போதும் யாராவது ஒரு அத்தை கேட்பார். "சூசை அண்ணே, வெளிநாட்டுல வேலைன்னு மன்றாட்டெல்லாம் வச்சோமே, அது என்னாச்சி?"

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு சொல்வார்.

"போயாச்சிங்க. நம்ம யூனிட்லேருந்து நாலு பேரு போயி வேலை பாக்கறாங்க. அதுல எம்பொண்ணு மட்டும் இல்ல."